கோட்டின் மேல் ஒரு புள்ளி

சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது.

மொகாடி முதலில் தன் எண்ணிக்கையைத்தான் சந்தேகப்பட்டாள். பிள்ளைகள் கலைந்துபோன சாயங்காலம். உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாகக் குளிர்காலத்துப் புழுதிக்காற்று உள்ளே நுழைந்து, தகரக்கூரையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டது. மறுபடி எண்ணினாள். ஒன்று அதிகம்தான்.

அன்று காலைதான் ஏழாம் வகுப்புக்குச் சிதறல் படம் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் மேசைமேல் கையை அகல விரித்துத் தன் சாணை அளந்தது; சுவரோரம் விறைப்பாக நின்று உயரத்தை அளந்தது; சாணுக்கும் உயரத்துக்கும் பொருந்துகிற இடத்தை அட்டையில் தேடி ஒரு நீலப் புள்ளி வைத்து, பக்கத்தில் பெயரின் முதலெழுத்தைப் போட்டது. புழுதியில் விழுந்த முதல் தூறல் மாதிரி புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடந்தன. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் கூட்டமாகச் சரிவில் மேலேறிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்துக்கு நடுவே அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்தாள்.

"எந்த மனுஷனுக்கும் அவனவன் கையால எட்டுச் சாண்தான் ஒடம்பு. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான். இந்தக் கோடு இருந்தா ஆளையே பாக்க வேணாம். கையை மட்டும் காட்டு, ஆள் எவ்வளவு உயரம்னு நான் சொல்லிடுறேன்" என்றாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கூடுதல் புள்ளிக்குப் பக்கத்தில் எழுத்து இல்லை. கூட்டத்துக்கு நட்டநடுவே, மயிரிழை விலகாமல் கோட்டின் மேலேயே அது உட்கார்ந்திருந்தது. அதுதான் உறுத்தியது. உயிரோடிருக்கிற பிள்ளை எதுவும் அப்படிக் கச்சிதமாகக் கோட்டின்மேல் உட்காராது. ஒருவன் கை கொஞ்சம் நீளம், ஒருத்தி கழுத்து கொஞ்சம் கட்டை. இது யாரோ கணக்குப் போட்டு வைத்த புள்ளி.

மறுநாள் வகுப்பில் அட்டையைத் தட்டிக்காட்டிச் சத்தம் போட்டாள். அந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்குக் கோபம் மூக்குநுனியில்தான் இருந்தது. வரும்போதே பார்த்துவிட்டாள்: பின்பக்கம் வெள்ளை ஓடு பதித்த புதுக் கழிப்பறைகள், அத்தனைக்கும் பூட்டு. அதற்கு எதிரே, பலகை போட்ட பழைய குழிக் கழிப்பறைகளின் முன் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். பெரிய அதிகாரி வந்து நாடா வெட்டும்வரை பூட்டைத் திறக்கக்கூடாதாம். அந்த எரிச்சலையெல்லாம் சேர்த்து அன்றைக்குப் பிள்ளைகள்மேல் கொட்டினாள்.

"யார் செஞ்ச வம்பு இது? இல்லாத ஆளுக்குப் புள்ளி வெச்சது யாரு?"

யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது பெஞ்சில் டினேயோ எழுந்து நின்றாள். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பெண். அவள் எழுந்தபோதுதான் மொகாடி கவனித்தாள்: அவளுக்கும் அடுத்தவளுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. மற்ற பெஞ்சுகளில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வம்பு இல்ல டீச்சர். அவனும் எங்க வகுப்புதான்."

"எவன்?"

"டுமிஷோ. நேத்து அவன் கையைத்தான் அளந்தோம். உயரம் அளக்க முடியல. நீங்க சொன்ன கோட்டை வெச்சுக் கண்டுபிடிச்சோம்."

*

அடுத்த நாள் விடிந்ததும் டினேயோ அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். சூரியன் இன்னும் குன்றைத் தாண்டவில்லை. தரையெல்லாம் உறைபனி; காய்ந்த புல் காலடியில் கண்ணாடித்தூள் போல நொறுங்கியது. புதுக் கழிப்பறைக்கும் வேலிக்கும் இடையே ஒரு சிமெண்டு மேடை. அகலமான, வழவழப்பான மேடை. அதன் மூலையிலிருந்து ஒரு காற்றுக்குழாய் மட்டும் ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வாடை இல்லாவிட்டால் அது ஏதோ நாடக மேடை என்றுதான் நினைப்பார்கள். வாடை அந்தக் குளிரிலும் இருந்தது. பழைய மூத்திரம், ஈரச்சுவர், அதற்கடியில் லேசாகப் பால்வாசம்.

மேடை முழுக்கப் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது, ஓர் இடத்தைத் தவிர. அங்கே சிமெண்டு ஈரமாக, கறுப்பாக இருந்தது. ஐந்து விரலும் விரிந்த ஓர் உள்ளங்கை.

யாரோ மேலே கைவைத்துப் பனியைக் கரைத்ததல்ல. சுற்றிலும் காலடி இல்லை. கீழேயிருந்து யாரோ கையை ஊன்றி, அந்தச் சூடு சிமெண்டுக்குள் ஊறி மேலே வந்தது போலிருந்தது.

"நாங்க பாலர் வகுப்புல இருந்தப்ப இது பழைய கக்கூஸ்" என்றாள் டினேயோ, பாடம் ஒப்பிக்கிற குரலில். "பலகை ஒடஞ்சு உள்ள போய்ட்டான். நான் அவன் பின்னாடி வரிசையில நின்னேன். ஓடிப்போய்ச் சொன்னேன். சின்னப் புள்ளைங்க ஒளறுதுங்கன்னு சொன்னாங்க. அவன் ஆத்துப் பக்கம் போய்ட்டான்னு அவங்கம்மாகிட்ட சொன்னாங்க. அப்புறம் லாரி வந்து சிமெண்டு கொட்டிட்டுப் போச்சு. வருஷா வருஷம் பனி விழுந்தா கை தெரியும் டீச்சர். அப்ப இத்தினூண்டு இருந்துச்சு. எங்க கூடவே வளருது."

மொகாடி குனிந்து அளவுகோலை வைத்தாள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை.

"அட்டையில இருக்கிறதை விடக் கொஞ்சம் கூட இருக்கே" என்றாள்.

டினேயோ தலையாட்டினாள். "இப்பதான டீச்சர் நம்ம கணக்குல சேந்திருக்கான்."

*

தலைமை ஆசிரியர் லெட்வாபா தேநீரில் ரஸ்க்கை முக்கிக்கொண்டிருந்தார். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு, ஞாயிறு ஆராதனையில் முன்வரிசைக்காரர். மொகாடி கதவைக்கூடத் தட்டவில்லை.

"அந்த மேடைக்கு அடியில ஒரு பிள்ளை இருக்கா, இல்லையா?"

அவர் ரஸ்க்கை நிதானமாகத் தின்று முடித்தார். அவர் ஆச்சரியப்படுவார், மறுப்பார், கத்துவார் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் சலித்துக்கொண்டார்.

"உக்காருங்க டீச்சர். அன்னிக்கு அந்தக் குழிக்குள்ள எறங்க யாரு வந்தாங்க? நீங்க இருந்தா எறங்கியிருப்பீங்களா? போலீசு, பத்திரிகைன்னு வந்தா பள்ளிக்கூடத்தை மூடுவான். ஒரு புள்ளைக்காக இத்தனை புள்ளைங்க படிப்பை மண்ணாக்கச் சொல்றீங்களா?"

"பெத்தவகிட்ட ஆத்துக்குப் போய்ட்டான்னு சொன்னீங்களே."

"ஆறுன்னா ஒரு நம்பிக்கை இருக்கும்ல? எங்கியோ கரையேறிப் பொழச்சிருப்பான்னு. அந்த நம்பிக்கையில அவ இன்னும் உசுரோட இருக்கா." அவர் சிரித்தார். "நானும் கணக்கு வாத்தியாரா இருந்தவன்தான். கூட்டத்தோட ஒட்டாத புள்ளி ஒண்ணு ரெண்டு எப்பவும் இருக்கும். அதை விட்டுட்டுத்தான் கோடு போடணும். இல்லன்னா கோடே கோணிக்கும்."

"அது ஒட்டாத புள்ளி இல்ல சார். கோட்டு மேலயே உக்காந்திருக்கு."

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. உடனே கோப்பையை எடுத்துக்கொண்டார். "திறப்பு விழா வேலை தலைக்கு மேல இருக்கு. போய் வகுப்பைப் பாருங்க."

காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர், முடிந்துபோன கேஸ், தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். மேலிடத்துக்குப் போன் செய்தாள். விழாவுக்கு அதிகாரி வருவார், நேரில் சொல்லுங்கள் என்றது ஒரு குரல். மொகாடி வீட்டுக்குப் போய்க் கஞ்சிப்பானையைக் கரண்டியால் கிளறியபோது கரண்டி வளைந்தது. தனக்கு இவ்வளவு கோபம் உண்டென்று அவளுக்கே அதுவரை தெரியாது.

*

அதன்பின் ஒவ்வொரு காலையும் அவள் அளந்தாள். பிள்ளைகள் யாரும் வரவேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

முதல் வாரம் அந்தக் கை வகுப்பிலேயே உயரமான பையனின் கையைத் தாண்டியது. அடுத்த வாரம் அவள் கையைத் தாண்டியது. பனியற்ற கறுப்புக்குள் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சிமெண்டு ஜுரக்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது, அடியில் ஏதோ மெல்ல அழுத்தியது, அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். வளர்கிற பிள்ளை ஒரு வயதுக்கு வந்ததும் நின்றுவிடும். இது நிற்கவில்லை. லெட்வாபாவின் கையைத் தாண்டி, ஊரில் எந்த ஆண்பிள்ளையின் கையையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சுவரில் இருந்த அட்டையில் கோடு முடிந்துவிட்டது. பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இன்னொரு அட்டையை ஒட்டிக் கோட்டை நீட்டினாள். உள்ள அளவுகளைத் தாண்டிக் கோட்டை நீட்டக்கூடாது, அது பொய் சொல்லும் என்று அவளே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

பொய் சொல்கிறதா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். பள்ளியில் ஈ காக்கை இல்லை. வெயில் இருந்தும் சூடில்லை. ஒரு கயிற்றில் இரும்பு நட்டு கட்டி, முதலில் பையன்களின் பழைய குழியில் விட்டு ஆழம் பார்த்து, அதோடு காற்றுக்குழாயின் உயரத்தையும் கூட்டி முடிச்சுப் போட்டாள். எல்லாக் குழியும் ஒரே ஆழத்துக்குத் தோண்டியவைதான். பிறகு மேடையோரம் நாற்காலி போட்டு ஏறி, காற்றுக்குழாயின் வாய்க்குள் நட்டை இறக்கினாள். குழாய்ச்சுவரில் அது இடித்துக்கொண்டே இறங்கும் சத்தம் கேட்டது. டிங். டிங். அப்புறம் குழாய் முடிந்து, சத்தமில்லாத வெட்டவெளி. உள்ளேயிருந்து ஈரக்காற்று மேலே வந்து முகத்தில் பட்டது. நின்றது. மறுபடி வந்தது.

மூச்சு மாதிரி, விட்டு விட்டு.

கயிறு தளர்ந்தது. முடிச்சு இன்னும் அவள் கையிலேயே இருந்தது. நட்டு தரைக்குப் போகவில்லை. தரைக்கு வெகு மேலே எதன்மீதோ உட்கார்ந்திருந்தது. மெத்தென்று, தலைமயிரில் இறங்கியது போல.

முடிச்சுவரை மிச்சமிருந்த கயிற்றைச் சாணால் அளந்தாள். கோடு சொன்ன உயரம். விரற்கடை வித்தியாசமில்லை.

கணக்கு சரியாக இருந்தது.

அப்போது கயிறு அசைந்தது. யாரோ நட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். உருட்டினார்கள். விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை போல மெல்ல ஒரு இழு, கொஞ்சம் விடு. இன்னொரு இழு. அவள் கயிற்றை விட்டாள். சரசரவென்று குழாய்க்குள் ஓடி மறைந்தது. அதன்பின் கீழே, ரொம்ப ஆழத்திலிருந்து, ஒரு சின்னக்குரல். ஐந்து வயசுப் பிள்ளையின் குரல். வளராத குரல்.

"முடிச்சிட்டேன். வந்து கழுவி விடுங்க."

*

அன்று இரண்டாவது படமொன்று வரைந்தாள். கீழே நாள், பக்கத்தில் சாண். புள்ளிகள் அம்பு போல நேராக ஏறின. அந்தக் கையின் எட்டுச் சாண் எந்த நாளில் குழியின் ஆழத்தை எட்டும், தலை எந்த நாளில் சிமெண்டை முட்டும் என்று கோட்டின் வழியே போய்ப் பார்த்தாள். அந்த நாளை நாட்காட்டியில் தேடினாள்.

அது திறப்பு விழா நாள்.

லெட்வாபாவிடம் ஒருமுறை சொன்னாள். விழாவுக்கு மேடை எங்கே போடுகிறார்கள் என்று தெரிந்ததால்தான் சொன்னாள். அந்தச் சிமெண்டின்மேல் பச்சைக் கம்பளம் விரித்து, பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கியிருந்தார்கள். சமமான இடம் அதுதானாம். நாறிக்கொண்டிருந்த காற்றுக்குழாயை அறுத்து, அதன் வாயில் ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்திருந்தார்கள்.

"அங்க நிக்காதீங்க சார். இடம் மாத்துங்க."

"இல்லன்னா?"

அவள் இரண்டாம்முறை சொல்லவில்லை. இரண்டாம்முறை சொல்லத் தனக்கு மனசே இல்லை என்பது தெரிந்தபோது அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

விழாவுக்கு முந்தின நாள் பள்ளி வாசலுக்குப் போனாள். அங்கே ஒரு பெண் தினமும் எண்ணெய்ச்சட்டி வைத்து மக்வின்யா என்கிற மாவுப் பணியாரம் பொரித்து விற்பாள். பிள்ளைகள் அவளை டுமிஷோ அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மகன் திரும்பி வந்தால் இந்த வாசல் வழியாகத்தான் வருவான் என்று கடையை அங்கே போட்டவள். மொகாடி அவள் பக்கத்தில் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து, டினேயோ சொன்னதையும் லெட்வாபா சொன்னதையும் சொன்னாள். கைத்தடத்தையும் சொன்னாள்.

அந்தப் பெண் அழவில்லை. சட்டியில் பணியாரம் கருகிக்கொண்டிருந்தது.

"பக்கத்துலயேதான் இருந்தானா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் இங்க உக்காந்து கூவிக் கூவி வித்தேனே. என் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்குமா டீச்சர்?"

மொகாடி கருகிய பணியாரத்தைக் கரண்டியால் எடுத்து வெளியே போட்டாள்.

"இப்ப எவ்வளவு ஒசரம் இருப்பான்?"

மொகாடிக்கு அந்த அளவு தெரியும். வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாகக் கையை நீட்டி அவள் தோளைத் தொட்டாள். "இவ்வளவு இருப்பான்மா."

அந்தத் தாய் தன் தோளைத் தானே ஒருமுறை தடவிக்கொண்டாள்.

*

அதிகாரி வர மத்தியானம் ஆகிவிட்டது. மொகாடி காலையிலேயே பிள்ளைகள் எல்லாரையும், எல்லா வகுப்பையும், சாலைக்கு அந்தப்பக்கமிருந்த பந்து மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். வரவேற்புப் பாட்டுக்குப் பிள்ளைகள் வேண்டுமென்று ஆள் அனுப்பினார்கள். அனுப்ப மாட்டேன் என்றாள். மறுபடி அனுப்பினார்கள். அந்த ஆளை அவள் பார்த்த பார்வையில் அவன் திரும்பியே பார்க்காமல் போனான்.

பள்ளி வேலிக்கு வெளியே நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. அதிகாரி கழிப்பறையின் முன்னால் நாடாவை வெட்டினார். கைதட்டல். லெட்வாபா மேடைக்கு வந்தார். "நம் பிள்ளைகளின் கண்ணியம்" என்று ஆரம்பித்தார். "நம் பிள்ளைகளின் பாதுகாப்பு."

காற்று நின்றது.

பூந்தொட்டி அசைந்தது. ஒருமுறை மேலே எழும்பி உட்கார்ந்தது. உருண்டு உடைந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். பேச்சை நிறுத்தவில்லை.

அடியிலிருந்து ஓர் இடி. கம்பளம் நடுவில் குமிழ் போல எழும்பியது. இன்னோர் இடி. நாற்காலிகள் சரிந்தன. யாரோ அலறினார்கள். அதிகாரி ஓடினார், எல்லாரும் ஓடினார்கள். லெட்வாபா மட்டும் ஓடவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணுக்காலைச் சுற்றி ஏதோ இருந்தது. பிறகு அவர் இடுப்புவரை சிமெண்டுக்குள் இருந்தார். பிறகு நெஞ்சுவரை. ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடியே போனார். அது கீழே, ஆழத்தில், அவர் குரலைக் கொஞ்சநேரம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் அதுவும் நின்றது.

பந்தலில் யாருமில்லை. சிமெண்டில் ஒரு பெரிய ஓட்டை. தான் எப்போது வேலியைத் தாண்டினாள், எப்போது அருகே வந்தாள் என்று மொகாடிக்குத் தெரியவில்லை. வாடை கண்ணை எரித்தது. கோபத்தைத் தேடினாள். இத்தனை நாள் அவளைத் தூக்கி நிறுத்திய கோபம். அது அங்கே இல்லை. அது இருந்த இடம் குளிர்ந்து கிடந்தது.

உள்ளேயிருந்து அந்தச் சின்னக்குரல் கேட்டது.

"அம்மா."

எண்ணெய்க்கறை படிந்த ஏப்ரனோடு டுமிஷோவின் அம்மா வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல். "வேணாம்மா, போகாதீங்க" என்று மொகாடி சொன்னாள். சொன்னதாகத்தான் நினைத்தாள். அந்தத் தாய் ஓட்டையின் விளிம்பில் குப்புறப் படுத்து, வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். அவள் கன்னம் உடைந்த சிமெண்டின்மேல் இருந்தது. முகம் மொகாடியின் பக்கம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாடா ராசா. மேல வா. எவ்வளவு வளந்துட்டேன்னு அம்மா பாக்கணும்."

கீழே ஏதோ எழுந்து நின்றது. எழுந்து கொண்டே இருந்தது. இருட்டிலிருந்து விரல்கள் வந்து, பதமாக, நோகாமல், அவள் கையைப் பற்றின. முழங்கையில் தொடங்கி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, தோள்வரை.